கிள்ளிப் பார்க்காத குடல்

அன்று காலை பத்தேகால் மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நில அளவைத் துறையில் தலைமை அளவராக இருந்து ஓய்வு பெற்ற ஆதிமூலம், வயது எழுபத்தாறு. அவர் மனைவி திரிபுரசுந்தரி, வயது எழுபது; பரிசோதனை மேசையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தவள் அவள்தான். அவர்களுடைய ஒரே மகன் தில்லைநாயகம். டாக்டர் ஜெபசெல்வி. செவிலியர் மைதீன் பாத்து. ஆறாவதாக ஒன்றும் இருந்தது. அது ஆள் இல்லை என்பதால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. பின்னால் வந்த வில்லங்கமெல்லாம் அது ஆள் இல்லை என்பதால் வந்ததுதான்.

அதன் பெயர் தெளிகண். குடலுக்குள் செலுத்தும் குழாயின் நுனியில் மிளகளவு இருக்கும். உள்ளே போகும், பார்க்கும், சொல்லும். புண் என்றால் புண், கட்டி என்றால் கட்டி. ஒன்றுமில்லை என்றால் செய்தி வாசிக்கிற பெண் குரலில், "இயல்பு. நன்றி" என்று சொல்லிவிட்டு, குழாய்க்குள் கிள்ளி போகிற வழியைத் தானே பூட்டிக்கொள்ளும். கிள்ளி என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்வது ஒரு நீண்ட, மெல்லிய இடுக்கியை. அதன் வாய் குருணை அளவு சதையைக் கிள்ளிக்கொண்டு வரும்.

அந்தப் பூட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. முன்பெல்லாம் தேவை உண்டோ இல்லையோ, குழாய் விட்டவர்களுக்கெல்லாம் பத்து இடத்தில் கிள்ளிய டாக்டர்கள் இருந்தார்கள். சிலருக்கு ரத்தம் நிற்காமல் போனது. அதைத் தடுக்கத்தான் பரிசோதனை வாரியம் சட்டம் போட்டது: கண் இயல்பு என்றால் கிள்ளக் கூடாது. நல்ல சட்டம் என்று ஊரே பாராட்டியது. அதிகம் பாராட்டியவர் ஆதிமூலம். அந்தக் கண்ணைச் செய்தவன் அவர் மகன்.

அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காரவில்லை. மனைவியின் தலைமாட்டில், மறைப்புத் திரைக்கு இந்தப் பக்கம், நட்ட கல் மாதிரி நின்றார். 

பதினைந்து மாதம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை அவளுக்குத் தண்ணீராகவே போனது. ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. பதினான்கு கிலோ இறங்கிவிட்டாள். தெளிகண் மூன்று முறை பார்த்தது. மூன்று முறையும் இயல்பு. மூன்று இயல்புக்குப் பிறகும் நோய் உண்டு என்று சொல்பவரின் மருத்துவ அட்டையில் 'குடல்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'மனம்' என்று எழுதிவிடுவார்கள். அதுவும் சட்டம்தான். அவள் அட்டையிலும் எழுதினார்கள். மனதுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்ட பிறகு பன்னிரண்டு பதினைந்தானது.

தென்காசியில் ஒரு கல்யாணம். பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்திருந்தவள் எழுந்து ஓடினாள். ஓடி முடிப்பதற்குள் பட்டுச்சேலை நாசமாகிவிட்டது. ஆதிமூலத்தின் தங்கை எல்லோர் காதிலும் விழும்படி, "மனச ஒரு நெலையில வைங்க மதினி, எல்லாம் சரியாப்போவும்" என்றாள். பந்தியில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆதிமூலம் வீட்டில் பைத்தியம் என்கிற பேச்சு அந்தப் பந்தியில்தான் முளைத்தது.

திரும்பி வரும்போது காரில் அவர் பேசியது அதைவிட மோசம். "நம்ம பையன் செஞ்ச கண்ணு. மூணு தடவ பாத்துச் சொல்லியிருக்கு, ஒனக்கு ஒண்ணும் இல்லேன்னு. இன்னும் என்னத்துக்கு என் மானத்த வாங்குத? மனச அடக்கு."

 அன்றிலிருந்து எத்தனை தடவை போகிறது என்று அவரிடம் சொல்வதையே அவள் நிறுத்திவிட்டாள். துணி காயப்போடுகிறேன், பூவுக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள் மத்தியானம் குளியலறைத் தரையில் கிடந்தாள். தூக்கினால் கைக்குழந்தை கனம்தான் இருந்தது. அவசரப் பிரிவில் அன்று வேலையில் இருந்தவர் ஜெபசெல்வி. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "நாலாவது தடவை நான் குழாய் விட்டுப் பார்க்கிறேன்" என்றார். அதற்குத்தான் இன்று வந்திருந்தார்கள். நான்காவது முறையும் இயல்பு என்று குழாயை வெளியே எடுத்துவிட்டால், வாரியம் அட்டையை மூடிவிடும். அதற்குப் பிறகு எந்தக் குடல் மருத்துவரும் அவளைத் தொட முடியாது.

மயக்க ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் சுந்தரி. "தூங்கிட்டா இவுக என்னயப் பத்தி என்ன பேசுதாகன்னு தெரியாமப் போயிரும்" என்றாள். மைதீன் பாத்து சிரித்துவிட்டார்.

பெரிய திரையில் குடல் தெரிந்தது. இளஞ்சிவப்பாக, பளபளவென்று, குழந்தையின் உள்ளங்கை போல. ஒரு புண் இல்லை, ஒரு சிவப்பு இல்லை.

"இயல்பு. நன்றி" என்றது தெளிகண். குழாய்க்குள் டக்கென்று ஒரு சத்தம். பூட்டு விழுந்தது.

"பாத்துக்கா, கிள்ளி எடுங்க" என்றார் ஜெபசெல்வி, சத்தமே கேட்காதவர் போல.

"டாக்டர், இயல்புன்னு சொல்லியாச்சு" என்றான் தில்லைநாயகம். குரலில் மரியாதை இருந்தது, பொறுமை இல்லை. "இனி கிள்ள என்ன இருக்கு?"

"இயல்பாத் தெரியறதாலதான் சார் கிள்ளணும். பார்க்க நல்லா இருக்கிற குடல்ல எல்லாருக்கும் கிள்ளுன்னு நான் சொல்லலை. மலச்சிக்கல்னு வர்றவங்களுக்கு வேண்டாம். வெறும் வயித்து வலின்னா வேண்டாம். ஆனா மாசக்கணக்கா தண்ணியாப் போகுது, வயசானவங்க, இளைச்சுக்கிட்டே வர்றாங்க, குடல் மட்டும் பளிச்சுன்னு இருக்குன்னா கட்டாயம் கிள்ளணும். வலப்பக்கத்துல நாலு, இடப்பக்கத்துல நாலு. தனித்தனி பாட்டில்ல போட்டு அனுப்பணும். குடலோட உள்தோல்ல ஒளிஞ்சிருக்கிற நோய் ஒண்ணு இருக்கு. நுண்ணோக்கியில வச்சாத்தான் தெரியும். என் கண்ணுக்கும் தெரியாது, உங்க கண்ணுக்கும் தெரியாது."

"தெளிகண் நாற்பது லட்சம் குடல் பார்த்துக் கத்துக்கிட்டது. ஆயிரத்துல நாலு தப்புகூடக் கிடையாது."

"சரி. அந்த நாற்பது லட்சத்துல இயல்புன்னு நீங்க எழுதிக் கொடுத்த படங்கள் எத்தனை?"

"முப்பது லட்சம் இருக்கும்."

"அதுல எத்தனை பேருக்குக் கிள்ளிப் பார்த்துட்டு இயல்புன்னு எழுதினீங்க?"

தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பார்க்க நல்லா இருந்தா யாரும் கிள்ள மாட்டாங்களே டாக்டர்."

"அப்ப இயல்புன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பார்க்க இயல்பா இருந்துது."

  ஆதிமூலத்துக்கு முதலில் காது சூடானது, பிறகு கழுத்து. இந்தத் திருட்டு அவர் வேலையில் பார்த்துப் பழகிய திருட்டு. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில், எல்லைக்கல்லைத் தோண்டிப் பார்க்காமல், வேலி போன வழியே கோடு போட்டுவிட்டு வந்தான் ஓர் அளவர். பிறகு வழக்கு வந்தபோது, வேலி சரியாக இருக்கிறது, படத்தைப் பாருங்கள் என்றான். அவனை வேலையைவிட்டு நிறுத்தி எழுதிய கை அவருடையது.

"ஏல தில்லை" என்றார். குரல் உயரவில்லை. உயராதது இன்னும் பயமாக இருந்தது. "வேலியப் பாத்துப் படம் வரைஞ்சிருக்க. இப்ப அந்தப் படத்த வச்சு வேலி சரின்னு சொல்லுத. கல்ல எவனும் தோண்டிப் பாக்கல. அப்படித்தானல?"

"அப்பா, இது நிலம் இல்ல."

"ஆமால. நிலம்னா எவனாவது சண்டைக்கு வந்திருப்பான். இது வயித்துக்குள்ள இருக்கு. அதனால ஒனக்குச் சவுரியமாப் போச்சு." இப்போது அவர் குரல் உயர்ந்தது.

"கொஞ்சம் மெல்லப் பேசுங்க ரெண்டு பேரும்" என்றாள் சுந்தரி மேசையிலிருந்து. "நீங்க கத்துத கத்துல குழாய் உள்ளுக்குள்ள நடுங்குது."

ஜெபசெல்வி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயா, நான் இதை உள்ளேயே வச்சுக்கிட்டு நிக்க முடியாது. பத்து நிமிஷம். அதுக்கு மேல அவங்களுக்குத் தாங்காது."

"பூட்டத் திற" என்றார் ஆதிமூலம் மகனிடம். "நீ செஞ்சதுதான? ஒன் பெருவிரல வச்சாத் திறக்கும்னு நீதான் என்கிட்டப் பெருமையாச் சொன்ன."

"திறக்கும். ஆனா திறந்தா, செஞ்சவனே தன் கண்ணை நம்பலைன்னு வாரியத்துல பதிவாகும். அடுத்த வாரம் ஏழு மாநிலம் இதை வாங்கக் கையெழுத்துப் போடுது. நூறு பேரோட எட்டு வருஷ உழைப்புப்பா." அவன் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. "நம்ம பேரு என்ன ஆகும்? சின்னதுல இருந்து நீங்கதான சொல்லுவீங்க, எது போனாலும் குடும்பத்துப் பேரு போகக் கூடாதுன்னு."

ஆமாம், அவர் சொன்னதுதான். மகன் அதை எடுத்து அவர் முகத்துக்கு நேராகவே நீட்டினான்.

"அவன விடுங்க" என்றாள் சுந்தரி. "எனக்கு வயசு எழுபது ஆச்சு. போறது போவட்டும். எனக்காக அவன் பேரக் கெடுக்க வேண்டாம். டாக்டரம்மா, குழாய எடுத்துருங்க."

ஜெபசெல்வி கையை அசைக்கவில்லை. மைதீன் பாத்து, இருபத்தெட்டு வருஷம் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்ற மனுஷி, தில்லைநாயகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நல்ல கண்ணு செஞ்சீக. பெத்தவ கண்ணுல வழியறது மட்டும் அதுக்குத் தெரியல போல." பிறகு ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா, இன்னொரு வழி இருக்கு. இதுவரைக்கும் யாரும் அந்த வழிக்குப் போனதில்ல. வீட்டு ஆள் யாராவது புகார் குடுத்தா பூட்டு தானாத் திறந்துரும். புகார் வந்த பொறவு அந்தச் சதை சாட்சிப் பொருளாயிருமாம். சாட்சிய எடுக்க விடாமப் பூட்டி வைக்கச் சட்டத்துல எடமில்ல."

"குடு, எழுதுதேன். இந்தப் பெட்டி மேல நூறு புகார் எழுதுதேன்."

"பெட்டி மேல எழுத முடியாது. அது ஆள் இல்லல்லா. அது சொன்னதுக்கு ஆரு பொறுப்போ அந்த ஆள் பேர எழுதணும்."

"ஆரு பேர?"

 எல்லோரும் எந்தப் பக்கம் பார்த்தார்களோ அந்தப் பக்கம் ஆதிமூலமும் பார்த்தார்.

"முழுசும் சொல்லிடறேன் ஐயா" என்றார் ஜெபசெல்வி. "கிள்ளிப் பார்த்து ஒண்ணும் இல்லைன்னு வந்தா, பொய்ப் புகார் கொடுத்தவங்க பட்டியல்ல உங்க பேரு ஏறும். வாரியத்து வாசல்ல ஒட்டுவாங்க. இருக்கும்னு நான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது. பார்த்தாத்தான் தெரியும்."

இந்த அறையில் இன்று தனக்குத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான் என்று ஆதிமூலத்துக்குத் தோன்றியது. கையை நீட்டினார். மைதீன் பாத்து புகார்ப் படிவம் இருந்த மின்பலகையைக் கொடுத்தார்.

ஒரு பக்கம்தான். மனைவிக்கு நோய் இருக்க, நோய் இல்லை என்று பொய்யான சான்று அளிக்கக் காரணமானவர் மீது நான் கொடுக்கும் புகார் என்று ஆரம்பித்தது. புகார் கொடுப்பவர் பெயர்: ஆதிமூலம்.  எதிர்வாதி பெயர்: தில்லைநாயகம். அதையும் எழுதிவிட்டார்.

அதற்கு அடுத்த கட்டத்தில் இரண்டே எழுத்து இருந்தது. த/பெ.

அங்கே பேனா நின்றது. எத்தனை தாளில் இதை எழுதியிருக்கிறார். முதல் வகுப்பில் சேர்த்த அன்று, உபகாரச் சம்பள விண்ணப்பத்தில், கல்லூரியில், கடவுச்சீட்டில். மாநில விருது கொடுத்த பத்திரத்திலும் தில்லைநாயகம், த/பெ ஆதிமூலம் என்றுதான் அச்சடித்திருந்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் தில்லைநாயகத்தைப் படிப்பார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் பின்பாதியைத்தான் படிப்பார்.

"அப்பா, வேண்டாம்" என்றான் மகன். "நாலு நாள் பொறுங்க. நானே வேற ஏற்பாடு பண்ணுதேன். சத்தமில்லாம. வெளியூர்ல எங்கயாவது..."

அந்த 'சத்தமில்லாம'தான் அவரை உசுப்பியது. பதினைந்து மாதம் அவள் சத்தமில்லாமல்தான் செத்துக்கொண்டிருந்தாள்.

"பேரு பேருன்னு சொல்லுத. ஒங்கம்மைக்கு ஒரு அட்ட குடுத்து, அதுல மனம்னு எழுதினானே, அதுல இருந்தது எந்த வீட்டுப் பேரு? தென்காசிப் பந்தியில எச்சி எலைக்கு நடுவுல கெடந்து நாறுச்சே, அது யாரு பேரு? அன்னைக்கு ஒனக்கு ரோசம் வரல. எனக்கும் வரல. ஒன் கண்ணு சொன்னத நம்பி அவள ஏசினவன்ல நான். கட்டினவள நம்பாம, பெத்த பிள்ள செஞ்ச பெட்டிய நம்பினேன். இந்தப் பேர வச்சுக்கிட்டு இனி நான் என்ன செய்ய?"

எழுதினார். ஆதிமூலம். முழுப் பெயர், கூட்டெழுத்தாக இல்லாமல், எழுத்து எழுத்தாக. கையெழுத்துப் போட்டுப் பலகையைத் திருப்பிக் கொடுத்தார்.

"புகார் பதிவானது. நன்றி" என்றது தெளிகண், அதே குரலில். டக். பூட்டு திறந்தது.

 கிள்ளி உள்ளே போனது, வந்தது. வலப்பக்கம் நான்கு, மைதீன் பாத்து ஒரு பாட்டிலில் போட்டு ஒட்டி எழுதினார். இடப்பக்கம் நான்கு, இன்னொரு பாட்டில். இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், தண்ணீருக்குள் சோற்றுக் குருணை கிடப்பது போல் இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் சுந்தரி.

"முடிஞ்சுதும்மா. வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே. இதுக்கா என்னயப் பைத்தியக்காரின்னீங்க?"

தில்லைநாயகம் வெளியே போய்விட்டான். கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

ஆறாம் நாள் முடிவு வந்தது. ஜெபசெல்வி தாளை விரித்து விரலால் காட்டினார். "குடலோட உள்தோலுக்கு அடியில ஒரு பட்டை இருக்கும் ஐயா, முடியைவிட மெல்லிசா. இவங்களுக்கு அது தடிச்சுப் போயிருக்கு. தண்ணியை உறிஞ்ச விடாது. வலப்பக்கத்து பாட்டில்ல நல்லாத் தெரியுது. இடப்பக்கத்துல சந்தேகம்தான், அதை மட்டும் எடுத்திருந்தா இன்னைக்கும் ஏமாந்திருப்போம்."

"அப்ப மனசு?"

"மனசுக்கு ஒண்ணுமில்ல. மனசுக்குன்னு கொடுத்தாங்களே மாத்திரை, சிலருக்கு அதுவே இந்த நோயைக் கிளறிவிடும். மூட்டு வலிக்குன்னு இவங்க போட்டுக்கிட்டிருந்த மாத்திரையும் அப்படித்தான். ரெண்டையும் நிறுத்துவோம். முதல்ல சொன்ன மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும். இதுக்குன்னு வேற மருந்து இருக்கு."

பதினைந்து மாதமாக அந்த மருந்து தெரு முனைக் கடையில் இருந்தது.

மூன்று வாரத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை என்பது இரண்டானது. சுந்தரி மறுபடி உளுந்தஞ்சோறு பொங்கி, எள்ளுத் துவையலோடு, தானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தாள். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க எழுதினது நல்லதுதான்" என்றாள். "ஆனா கார்ல சொன்னத நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன்."

ஆதிமூலம் தலையை அசைத்தார்.  துவையலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

புகார் ஒன்று போனதும் கோவில்பட்டியிலிருந்து ஒரு டீச்சரம்மாள் இரண்டாவது புகார் கொடுத்தார். பிறகு எண்ண முடியவில்லை. 'மனம்' என்று எழுதி மூடிய பதினோராயிரம் அட்டைகளை வாரியம் திரும்பத் திறந்தது. அதில் நூற்றுச் சொச்சம் பேர் செத்துப்போயிருந்தார்கள். அவர்களை யார் கிள்ளிப் பார்ப்பது? மாதக்கணக்கில் தண்ணீராகப் போகிறவர்களுக்குக் கண் என்ன சொன்னாலும் பூட்டு விழக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஏழு மாநிலமும் கையெழுத்துப் போடவில்லை. விசாரணை நடக்கிறது. தில்லைநாயகம் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் செய்கிறான். அப்பாவைக் கேட்பதில்லை. விருதுப் பத்திரம் முன்கூடத்தில் மாட்டிய இடத்திலேயே இருக்கிறது. கழற்றச் சொல்லி அவர் சொல்லவில்லை.

சொந்தக்காரர்கள் மத்தியில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. ஆதிமூலத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை, படிவத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்த டாக்டர் காட்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டார், இல்லாவிட்டால் பெற்ற பிள்ளை மேல் எந்தத் தகப்பன் எழுதுவான் என்று. விசாரணையில் தில்லைநாயகத்தின் வக்கீலும் அதையே சொன்னார்.

அது பொய். அவருக்குக் கண்புரை கிடையாது. படிவத்தை இரண்டு தடவை வாசித்தார். 'எதிர்வாதி' என்பதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.